சகலை கொண்டுவந்த மருந்து

அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் முகத்துக்கு நேரே அவர் 'சார்', முதுகுக்குப் பின்னால் மூக்கர். மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. ஆனால் எதையும் முகர்ந்து பார்க்காமல் அவர் நம்பியதில்லை. அவர் பொறுப்பிலிருந்த சோதனைக்கூடத்துக்கு எந்த டப்பா வந்தாலும் மூடியைத் திறந்து, காற்றைக் கையால் முகத்துப் பக்கம் விசிறி, கண்ணை மூடிக்கொண்டு சற்று நிற்பார். தராசு, கோப்பை, தகடு எல்லாம் அதற்கப்புறம்தான். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்தவுடன் முதலில் மூக்கு போகும்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் மோந்து பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லியிருப்பீங்க" என்று மனைவி ஒரு தடவை கேலி செய்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அப்படியும் செய்திருக்கலாம் என்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

தொழிற்சாலைக்கு அப்போது ஒரே தலைவலி, இரும்புத் தண்ணீர்த் தொட்டிகளின் உட்புறம் அடிக்கிற செங்காவிப் பூச்சு. துருவைத் தடுக்க வேண்டுமானால் அதில் நிறப்பொடி நிறையப் போக வேண்டும். நிறையப் போனால் பூச்சு களிமண் மாதிரி இறுகிவிடும். தெளிப்புத் துப்பாக்கியின் வாய் அடைத்துக்கொள்ளும். வேலையிடத்தில் பெயின்டர்கள் பொறுமையாக உட்கார்ந்து வாயைக் குத்திக்கொண்டா இருப்பார்கள்? தின்னரை எடுத்துக் கவிழ்ப்பார்கள். பூச்சு ஓடும். காய்ந்த பிறகு தோல் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு நிற்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் தொட்டிக்குள் துரு இறங்கும். பழி மட்டும் நேராகத் தொழிற்சாலையின் தலையில் வந்து விழும்.

பூச்சை ஓடவைக்கத் தின்னர் வழியல்ல, மருந்துதான் வழி என்பது மூக்கருக்குத் தெரியும். கலவைக் கூடத்தில் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். நிறப்பொடியின் நுண்துகள்கள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான் பூச்சு நகர மறுக்கிறது. மருந்து ஒவ்வொரு துகளின் மேலும் போய்ப் படிந்து, ஒன்றை ஒன்று நெருங்க விடாமல் பார்த்துக்கொள்ளும். "பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்களை ஒரே வீட்ல தனித்தனி ரூம்ல வைக்கிற மாதிரி" என்பார் கலவை மேஸ்திரி. "ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்க வேணாம், வீடும் ஓடும்." அளவு முக்கியம். குறைந்தால் கட்டி. கூடினால் பிடித்துக்கொள்ளத் துகள் கிடைக்காத மருந்து பூச்சுக்குள் சும்மா திரிந்து, காய்ந்த பிறகும் அதை இளக்கமாகவே வைத்திருக்கும்.

இதுவரை போட்டுவந்த பழைய மருந்து அழுகிய மீன் போல நாறும். பாதி வேலைதான் செய்யும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சகலை உள்ளே வந்தார்.

சகலை என்றால் மூக்கரின் மனைவியுடைய தங்கையின் கணவர். வாய் உள்ள மனிதர். வாட்டர் ஃபில்டர் விற்றார், இன்ஷூரன்ஸ் பிடித்தார், தரை ஓடு விற்றார். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது "இதுதான் சகலை, இனிமே மாத்தமே கிடையாது" என்பார். அவர் விற்ற ஃபில்டர் மூக்கரின் சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் வருவதில்லை. இப்போது அவர் பூச்சுகளுக்கான மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்திருந்தார்.

மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்த மத்தியானத்தில் பேச்சை எடுத்தார்.

"சகலை, உங்க களிமண்ணுக்கு என்கிட்ட மருந்து இருக்கு."

"உங்ககிட்ட எதுக்குத்தான் மருந்து இல்ல?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த மாமனாருக்கு இருமல் வந்தது. சிரிப்பை அவர் அப்படித்தான் மறைப்பார்.

"விளையாட்டு இல்ல சகலை. சாம்பிள் தர்றேன், போட்டுப் பாருங்க. சரியில்லைன்னா சாக்கடைல கொட்டிருங்க."

"சாக்கடை அடைச்சுக்கும்."

"பாருங்க மாமா, இன்னும் மூடியே திறக்கல, அதுக்குள்ள அடைச்சுக்குமாம்!"

மூக்கர் கை கழுவப் பின்பக்கம் போனபோது மைத்துனி கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தான், இவரை இன்னும் தற்காலிகமாத்தான் வெச்சிருக்காங்க. உங்க ஃபாக்டரி இந்த மருந்தை எடுத்துக்கிட்டா நிரந்தரம் பண்ணிடுவாங்களாம். இல்லைன்னா இத்தோட சரின்னு சொல்லிட்டாங்க. நீங்க பொய் சொல்ல வேணாம். பார்க்கும்போது கொஞ்சம் நல்ல மனசோட பாருங்க, அது போதும்."

அவர் தலையசைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டாம் என்று ஒருத்தி தானாக வந்து எதற்குச் சொல்ல வேண்டும்? ஊரில் எத்தனையோ பெயின்ட் கம்பெனி இருக்க, நம்மிடம் எதற்கு வர வேண்டும்? முடியாது என்று சொல்ல வாய் வராத இடமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

சாம்பிள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் வந்தது. மூக்கர் மூடியைத் திறந்து கையை விசிறினார். ஒன்றும் இல்லை. மறுபடி விசிறினார். தண்ணீர் மாதிரி, வாசனையே இல்லாத ஒரு மஞ்சள் திரவம். அதுவே அவருக்கு நெருடலாக இருந்தது. நாறினால் இன்னதென்று தெரியும்.

சிறிய அளவில் கலந்து பார்த்தார். அடியில் துளை வைத்த அளவுக் கோப்பையில் ஊற்றினால், வழக்கமாகச் சொட்டுச் சொட்டாக முக்கி முனகி இறங்குகிற செங்காவி, அறுபடாத ஒரே நூலாக இறங்கியது. தகட்டில் பூசி உலர்த்தி நகத்தால் அழுத்தினார். நகம்தான் வலித்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான். பொருள் நன்றாகவே இருந்தது.

நன்றாக இருக்கிறதே என்பதுதான் அவரை உறுத்தியது. சாம்பிள் என்பது ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. அதைப் பார்த்து ஏமாந்த எத்தனையோ பேரை அவருக்குத் தெரியும். பெரிய டப்பா வரும்போதுதான் உண்மை முகம் தெரியும்.

பெரிய டப்பாவைச் சகலை தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். முழுக் கலவை ஒன்றைப் போட்டுப் பார்ப்பது என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். கலவைக் கூடத்தின் வாசலில் நின்று சகலை கையைப் பிசைந்தார். "சகலை, நான் இருக்கட்டுமா?"

"வெளியாளை உள்ள விடறதில்லை."

"நான் வெளியாளா?"

மூக்கர் குனிந்து டப்பாவின் லேபிளைப் படித்தார். சகலை சிரிக்கப் பார்த்து, அது பாதியில் நிற்க, காருக்குத் திரும்பினார்.

அவர் போன பிறகு மூக்கர் மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டார். "எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க மேஸ்திரி. ஆள் நம்ம ஆள்தான். ஆனா அவர் கைல வந்ததை முழுசா நம்பிட முடியாது."

"எனக்குத் தெரியாதா சார்? நான் பார்த்துக்கறேன்" என்றார் மேஸ்திரி. மூக்கர் ஒன்றைச் சொன்னால் அது வேதம் அவருக்கு. ஒரு தடவை மூக்கரின் மூக்குதான் கெட்டுப்போன பிசினைக் கண்டுபிடித்து அவர் வேலையைக் காப்பாற்றியிருந்தது.

டப்பாவைத் திறக்கும்போது கூடவே நிற்க வேண்டும் என்றுதான் மூக்கர் நினைத்திருந்தார். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே வாடிக்கையாளர் ஒருவர் உட்கார்ந்து துருவைப் பற்றி நெடுநேரம் புலம்பினார். திரும்பி வந்தபோது டப்பா காலி. கடைசித் துளியும் வீணாகாமல் அலசி ஊற்றிவிட்டு, வழக்கப்படி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார் மேஸ்திரி. அலசிய டப்பாவில் அலசிய கரைப்பானின் வாசனைதான் அடித்தது.

"சார், இங்க வந்து பாருங்களேன்!" மேஸ்திரியின் முகமெல்லாம் பல். பெரிய தொட்டியில் செங்காவி சுழன்றுகொண்டிருந்தது. கரண்டியால் அள்ளிச் சாய்த்தால் ஓடை மாதிரி ஓடியது. "தண்ணி சார், தண்ணி! துப்பாக்கியே வேணாம், வாயால ஊதினாலே போய் ஒட்டிக்கும்!"

மூக்கர் தொட்டியின் மேல் குனிந்தார். அந்த வாடை அவரை எட்டியது. மெலிதாக, அடியில் பதுங்கியிருப்பதுபோல். அழுகிய மீன்.

நிமிர்ந்து அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்றால், மேஸ்திரியின் சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது.

"சொன்ன அளவு போட்டீங்களா மேஸ்திரி?"

"துளி குறையாம சார்."

அடுத்த நாள் தகட்டில் நகம் வைத்தால் பிறை பிறையாகப் பதிந்தது. அந்த நாற்றம் இன்னும் இருந்தது. அந்தப் பூச்சை எடுத்து வைத்த டப்பாவில் நிறப்பொடி அடியில் இறங்கிச் செங்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. இந்தப் பூச்சைத் தண்ணீர்த் தொட்டியில் அடித்தால் தோல் உரிந்து வரும். மூக்கருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாம்பிள் ஒரு சரக்கு, டப்பா வேறு சரக்கு. எங்கோ விலைபோகாமல் கிடந்த பழைய மருந்துக்குப் புது லேபிள் ஒட்டிக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். தள்ளியவர் யார் என்பதுதான் தெரிந்ததாயிற்றே.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவியே பிடுங்கிக் கேட்டாள். சொன்னார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா பேசியே மூடிடுவார்."

"பேசட்டுமே. பேசவிட்டாத்தானே தெரியும். போனைப் போடுங்க."

"பார்க்கலாம்."

"இந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். நீங்க பார்க்கறது ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும்."

அவர் போன் செய்யவில்லை. மறுநாள் மேனேஜரின் அறையில், மருந்துக் கம்பெனியில் சகலைக்கு மேலிருந்த அதிகாரியம்மாவிடம் மூக்கரே போனில் பேசும்படி ஆயிற்று.

"சாம்பிளும் டப்பாவும் ஒரே சரக்கு இல்லம்மா. பழைய சரக்கை லேபிள் மாத்தி அனுப்பியிருக்காங்கன்னு நினைக்கிறேன்."

"பெரிய வார்த்தை சொல்றீங்க சார்."

"மோந்து பார்த்துத்தான் சொல்றேன்."

மறுமுனையில் அந்த அம்மாள் டப்பாவின் லேபிள் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, விசாரிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சகலை தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தார். வேலை முடிந்து போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்.

"என்ன சகலை சொன்னீங்க அவங்ககிட்ட?"

"இருந்ததைச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மூக்கர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, செய்த தப்பு வெளியான பயம் என்று நினைத்தார். குரல் உயரவில்லை, உயர்த்த நியாயம் இல்லை என்று நினைத்தார். சத்தம் போட்டிருந்தால், குற்றமுள்ளவன்தான் கத்துவான் என்று நினைத்திருப்பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த முகம் ஒரே விஷயத்தைத்தான் அவருக்குச் சொன்னது.

"சீல் உடைக்காமக் கொண்டுவந்தேன் சகலை. பின் சீட்ல வெச்சு பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தேன், குழந்தையைக் கொண்டுவர்ற மாதிரி." சகலை சொல்லிவிட்டுத் தானே லேசாகச் சிரித்தார். "வழியில ஒரு பிரேக் போட்டப்போ, நான் இடிச்சுக்கிட்டேன். அது இடிச்சுக்கலை."

மூக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சகலை அதைப் புரிந்துகொண்டு நகர்ந்தார்.

விசாரணை என்று யாராவது வந்து கேட்டால் கையில் ஆதாரம் வேண்டும். மூக்கர் சோதனைக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, நடந்ததை அப்படியே திரும்ப நடத்திக் காட்ட உட்கார்ந்தார். டப்பாவில் இருந்தது பழைய மருந்துதான் என்றால், பழைய மருந்தை அதே அளவு போட்டால் அதே பூச்சு வர வேண்டும். போட்டார். நாற்றம் வந்தது. ஆனால் பூச்சு ஓடவில்லை. வழக்கம்போல் முக்கி முனகிக்கொண்டு கோப்பையில் உட்கார்ந்திருந்தது. காய்ந்தபோது நகம் பதியவும் இல்லை.

அளவைக் கூட்டினார். கொஞ்சம் இளகியதே தவிர ஓடை மாதிரி ஓடவில்லை. குறைத்தார். இல்லை. ஒருவேளை தின்னர் கலந்திருப்பார்களோ? தின்னர் சேர்ந்திருந்தால் ஒரு கோப்பைப் பூச்சின் எடை குறைந்திருக்கும். பெரிய தொட்டியிலிருந்து எடுத்ததை நிறுத்துப் பார்த்தார். எடை இம்மி பிசகவில்லை.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே கலவை எந்திரத்தின் உறுமல் ஏறியும் இறங்கியும் கேட்டது. மேசையில் சகலையின் சாம்பிள் புட்டி, அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு நின்றது. பழைய மருந்தின் நாற்றம் உண்டு, புது மருந்தின் ஓட்டம் உண்டு. இந்த இரண்டையும் அவர் ஒரே வரியில் வைத்து யோசித்ததே இல்லை. வைக்காமல் இருந்தது ஏன் என்று இப்போது தோன்றியது. வைத்திருந்தால் சகலையின் பெயர் அந்த வரியிலிருந்து விழுந்துவிட்டிருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டார். பூச்சு தண்ணீராக ஓடியது. நாறியது. உலர்ந்த தகட்டில் நகம் பிறையாகப் பதிந்தது.

கலவைக் கூடத்துக்கு அவர் நடந்தே போனார் என்றாலும் மூச்சு வாங்கியது. மேஸ்திரி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அன்னைக்குப் புது மருந்து போட்டப்போ, பழையதும் போட்டீங்களா?"

"ஆமா சார்." கேள்வியே புரியாதவர்போல் மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "அதையும் வழக்கமான அளவுதான் போட்டேன்."

"ஏன்?"

"என்ன சார் ஏன்னு கேக்கறீங்க? நீங்கதானே சொன்னீங்க, அந்த ஆள் கொண்டுவந்ததை நம்பிட முடியாதுன்னு. புதுசு காலை வாரிட்டா முழுத் தொட்டியும் போயிரும். நம்ம பழசு இருந்தா எப்படியும் தாங்கிப் பிடிச்சுக்கும். உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னுதான்..." மூக்கரின் முகத்தைப் பார்த்து மேஸ்திரியின் குரல் தேய்ந்தது. "தப்பா சார்?"

மூக்கர் பக்கத்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார். காவிப் பொடி புகைபோல் எழும்பி இருவர் மேலும் படிந்தது. மூக்கர் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைதான் தொட்டிக்குள் போயிருந்தது. போய், அவர் பயந்த மாதிரியே பூச்சைக் கெடுத்து, பார்த்தாயா நான் சொன்னது சரி என்று அவரிடமே திரும்பி வந்திருந்தது.

"உங்க மேல தப்பில்ல மேஸ்திரி" என்றார் கடைசியில்.

மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தார் மூக்கர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் போனில் பேசியதே இல்லை.

அந்த அம்மாள் முழுதும் கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? அவர் உங்களுக்குச் சகலையாமே?"

"ஆமாம்மா."

"எங்ககிட்ட யாருமே சொல்லலை."

மூக்கர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அன்னைக்கு அவ்வளவு உறுதியா லேபிள் மாத்தியிருக்காங்கன்னீங்க. இன்னைக்கு எல்லாம் உங்க தப்புதான்கிறீங்க. வீட்ல சத்தம் போட்டிருப்பாங்க, புரியுது. எங்க வீட்லயும் சொந்தக்காரங்க இருக்காங்க."

"வீட்ல யாரும் எதுவும் சொல்லலைம்மா. இது நெஜம்."

"அன்னைக்குச் சொன்னதும் நெஜம்னுதான் சொன்னீங்க."

மூக்கர் சந்தேகத்தைச் சொன்னபோது ஒரு வார்த்தைகூட எதிர்க் கேள்வி வரவில்லை. உண்மையைச் சொன்னால் அதற்கு உள்நோக்கம் தேடுகிறார்கள். அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அப்படித்தான் தேடியிருப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"நீங்களே வாங்கம்மா" என்றார். "உங்க டப்பா, உங்க ஆள், உங்க கண்ணு முன்னாடி. நான் தொடவே மாட்டேன். அப்பவும் கெட்டுப்போனா அவரை அனுப்பிடுங்க. சரியா வந்தா அவர் வேலையை அவருக்குக் கொடுங்க."

"சரி. ஆனா அவர்தான் வந்து ஊத்தணும்."

சகலையின் வீடு மாடியில் இருந்தது. கதவைத் திறந்த மைத்துனி, வாங்க அத்தான் என்று சொல்லவில்லை. விலகி வழி விட்டாள், அவ்வளவுதான். சகலை பனியனோடு தரையில் உட்கார்ந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். மூக்கர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சகலை ஒரு திருகாணியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு கேட்டார்.

"இதை யார் சொல்லச் சொன்னாங்க, அண்ணியா?"

"யாரும் சொல்லச் சொல்லல."

"அப்ப மேஸ்திரி மேல போட்டுட்டீங்க."

"இல்ல சகலை. நான் சொன்னதாலதான் அவர் போட்டார். தப்பு என்னோடது."

"உங்களுதா?" சகலை திருகாணியைக் கீழே வைத்தார். "உங்களுக்குப் பொண்ணைக் கட்டிக் கொடுத்த நாள்லேர்ந்து உங்க வாயில இந்த வார்த்தையைக் கேட்டதா எங்க மாமியார்கூடச் சொன்னதில்ல. இப்ப எதுக்குத் திடீர்னு?"

திருகாணி உருண்டு வர, மூக்கர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"நான் வந்து மறுபடி ஊத்தறேன்னு வைங்க. அதுவும் கெட்டுப்போச்சுன்னு வைங்க. அதிகாரியம்மா கண்ணு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும். அப்ப ஒரேயடியா என் கதை முடிஞ்சிடும் இல்ல?"

"கெட்டுப்போகாது."

"போன தடவையும் நான் அப்படித்தான் நினைச்சேன்."

"வாங்க" என்றார் மூக்கர்.

சகலை வந்தார். அதிகாரியம்மாவின் காரில், டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. கலவைக் கூடத்துக்குள் வந்ததும் டப்பாவை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறக்கி வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மூலையில் பழைய மருந்தின் பீப்பாய் நின்றது. "அதை வெளிய வைங்க" என்றார். மேஸ்திரி உருட்டிக்கொண்டு போய் வெளியே வைத்தார். "கதவையும் சாத்திடுங்க." சாத்தினார். சகலை போனின் விளக்கைப் போட்டுக் காலித் தொட்டியின் உள்ளே எட்டிப் பார்த்தார். அளவுக் குடுவையைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையால் உள்ளே துடைத்து, கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். தராசில் எடைக்கல்லை ஏற்றி இறக்கச் சொன்னார். அதிகாரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரிக்குக் காது சிவந்துவிட்டது. "இவ்வளவு வேணுமா சார்?" என்று மூக்கரிடம் முணுமுணுத்தார்.

"வேணும்" என்றார் மூக்கர்.

அவர் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சகலை செய்வது ஒவ்வொன்றும் அவர் வாழ்நாள் முழுதும் செய்து வந்தது. எதிர்ப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிசினும் கரைப்பானும் சுழன்றுகொண்டிருந்தன. பொடி விழுவதற்கு முன்னால் மருந்து விழ வேண்டும்.

"போடலாமா சார்?" மேஸ்திரி வழக்கம்போல் மூக்கரைத்தான் பார்த்துக் கேட்டார்.

"அவரைக் கேளுங்க."

சகலை திரும்பி மூக்கரைப் பார்த்தார். அந்தப் பார்வை நகராமல் நின்றது. இதிலும் ஏதாவது இருக்குமோ என்று அவர் தேடுவது மூக்கருக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் கொடுத்துக்கொண்டு நின்றார். எந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது.

சகலை குனிந்து சீலை உடைத்தார். அளந்து, தானே ஊற்றினார். மேஸ்திரி பொடி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். முதலில் கலவை கனத்து, எந்திரத்தின் சுருதி இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல இளகி, தொட்டியின் நடுவில் வழவழப்பான ஒரு குழி விழுந்து சுழன்றது. கோப்பையில் எடுத்தபோது செங்காவி ஒரே நூலாக இறங்கியது. தண்ணீர் மாதிரி இல்லை. பூச்சு மாதிரி இறங்கியது.

அடுத்த நாளே தகடு காய்ந்து இறுகிவிட்டது. அதிகாரியம்மா தன் நகத்தாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, சகலையைப் பார்த்துத் தலையசைத்தாள். வேலை நிரந்தரமாயிற்று. அந்த அம்மாள் காரை எடுக்கப் போனபோது வாசலில் சகலையும் மூக்கரும் மட்டும் நின்றார்கள். சகலையின் கையில் பூச்சு நிரப்பிய ஒரு சின்ன டப்பா இருந்தது. மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, நாடாவின் மேல் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் சகலை. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னா..."

"இருக்கட்டும்" என்றார் மூக்கர். "நல்லதுதான்."

கார் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு வர்றீங்கல்ல?" என்று கேட்டார் மூக்கர்.

"இந்த வாரம் முடியாது சகலை. வெளியூர்ல ஒரு கம்பெனிக்குப் போகணும்."

மூக்கரின் கண்கள் தன்னிச்சையாக அவர் முகத்துக்குப் போயின. சகலை அதைப் பார்த்துவிட்டார்.

"நெஜமாவே வேலைதான்" என்றார்.

"சரி" என்றார் மூக்கர்.

சகலை காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் போய்த் திருப்பத்தில் மறைந்த பிறகும் மூக்கர் வாசலிலேயே நின்றார். வேலைதானா, இல்லையா? அதைப் போட்டுப் பார்க்க அவரிடம் கோப்பையும் இல்லை, தகடும் இல்லை. உள்ளேயிருந்து மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போனார்.